ஜன்னல் வரை செம்மண்

“இயற்கைகிட்ட எத்தனையோ பேர் தோத்திருக்காங்க. இந்தத் தடவை இயற்கை என்கிட்ட தோக்கப்போகுது,” என்றார் லின்ட்ஸே ட்ரஸ்காட். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொன்னதால் இரண்டு முழங்கால்களும் ஒரு ஜோடி பூட்ஸும் மட்டுமே வெளியே தெரிந்தன.

“இயற்கை காத்திருக்கும். டீ ஆறிடும்,” என்றார் மனைவி மோரீன்.

தார் ரோடு முடிந்து மண்ரோடு ஆரம்பிக்கிற ஊர் அது. மூன்று நாட்களாக இந்த வேலைதான். முன்பக்கம் கல் தெறிக்காமல் இருக்கக் கம்பி வலை. கதவு இடுக்கு, கூரை ஜன்னல், ஃப்ரிட்ஜின் காற்றுத் துளை எல்லாவற்றின் மேலும் டேப். முட்டைகள் உடையாமலிருக்க, உறைக்கு ஒன்றாக லின்ட்ஸேயின் காலுறைகளுக்குள் படுத்திருந்தன.

“ஒரு துளி செம்மண் உள்ள வந்துச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேன்.”

“போன வருஷம் சர்க்கரை டப்பாவுல இருந்துச்சு. உன் பல்லுலகூட இருந்துச்சு.”

அதுதான் அவருக்கு ஆறாத புண். போன ஜூலையில் முதன்முறையாக அந்த நானூறு கிலோமீட்டர் மண்ரோட்டைக் கடந்து, மறுமுனை ஊரில் நடக்கும் செம்மண் கேரவன் சங்கத்தின் ஆண்டு விருந்துக்குப் போயிருந்தார். மண்ரோட்டில் வந்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே நாற்காலி. இவர் வண்டியில் தலையணை உறைக்குள்கூட மண். மற்ற பதிமூன்று வண்டிகளிலும் வெளியே ஜன்னல் வரை அளவெடுத்தாற்போல் செம்மண். உள்ளே ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்.

“எப்படி?” என்று கேட்டதற்கு, “எல்லாம் அனுபவம்ப்பா,” என்று மட்டும் சொன்னார் சங்கத் தலைவி க்ளெனிஸ்.

ஆனாலும் அந்த விருந்தில் லின்ட்ஸே பெயர் வாங்கிவிட்டார். ஊருக்கு ஆறு கிலோமீட்டர் முன்னால், மண்ரோடும் தார் ரோடும் சேருகிற முக்கில், நெவில் என்ற உறுப்பினர் வாளியும் ஸ்பாஞ்சுமாக நின்று தன் கேரவனுக்குச் செம்மண் பூசிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். மைக்கைப் பிடித்தார்.

“நம்ம நெவில் மண்ரோட்டுல வரலை. மேக்கப் போட்டுக்கிட்டு வந்திருக்கான். கேட்டா, ஆக்ஸில் கோளாறாம்! காரணம் சொல்றவன் கேரவனை வித்துட்டுக் கோழி வளக்கலாம்!”

யாரும் சிரிக்கவில்லை. அங்கே ஜூலைதான் குளிர்காலம்; குளிர் கடுமையான சாயங்காலம். எல்லோரும் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். நெவில் அன்றோடு சங்கத்தை விட்டுப் போனார். அடுத்த வருஷம் வாசலில் நின்று ஒவ்வொரு வண்டியையும் சோதிக்கும் பொறுப்பை லின்ட்ஸே தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

புறப்பட வேண்டிய காலையில் மழை பெய்தது.

ஒரு மணி நேர மழைதான். பெட்ரோல் பங்க் நடத்தும் டார்லீன் ரெயின்கோட்டோடு போய், மண்ரோட்டின் முகப்பில் இருந்த பலகையைத் திருப்பி வைத்தார். ரோடு மூடியாயிற்று.

“எப்ப திறப்பீங்க?”

“சேறு காயணும். மீறி இறங்கினா சக்கரத்துக்கு இவ்வளவுன்னு அபராதம். உனக்கு மொத்தம் எத்தனை சக்கரம்?”

லின்ட்ஸே எண்ணிப் பார்த்தார். ஜீப்பையும் சேர்த்து எட்டு. உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளும் பெய்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூசிக்கு எதிராகத் தயாரித்த கோட்டை அவர் முதுகுக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நின்றது. அதற்கடுத்த நாள் இரவு விருந்து. தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் ஆயிரத்து நூறு கிலோமீட்டர்.

“மழைன்னு சொல்லிடேன், லின்ட்ஸே. உண்மைதானே?” என்றார் மோரீன்.

“காரணம் சொல்றவன்...” என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார்.

“கோழி வளக்கலாம். எனக்கும் ஞாபகமிருக்கு.”

மண்ரோட்டுக்காகக் குறைத்திருந்த காற்றை டயர்களில் மறுபடி ஏற்றினார். அன்று முழுக்கவும் மறுநாள் மதியம் வரையும் வழவழப்பான தார் ரோட்டில் வண்டி போயிற்று. லின்ட்ஸே மனதுக்குள் கணக்குப் போட்டார். மழைக்கு முன்பே கடந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம். வண்டியின் நிறம்தான் ஒத்துழைக்க வேண்டும்.

போன வருஷம் நெவில் நின்றிருந்த அந்த ஆறு கிலோமீட்டர் முக்கு வந்தது. இந்தப் பக்கம் மழை எட்டியே பார்க்கவில்லை. மண் மாவாகக் கிடந்தது. லின்ட்ஸே ஓரம் கட்டினார். மோரீன் ஒன்றும் கேட்காமல் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சை நீட்டினார். வாளியில் அவரே தண்ணீர் பிடித்து வைத்திருந்தார்.

புதருக்குப் பின்னால் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. ஒரே ஒரு வண்டிக்காக நெவில் எவ்வளவு தோண்டியிருக்கிறான், பேராசைக்காரன் என்று நினைத்துக்கொண்டு, லின்ட்ஸே அதே குழியில் குனிந்து மண்ணை அள்ளினார்.

குழைத்துப் பூசினார். சக்கரத்தில் ஆரம்பித்து மேலே போனார். கை சிரமமில்லாமல் எட்டியது ஜன்னல் வரைதான். அதோடு நிறுத்திக்கொண்டார். கேரவனுக்குள் ஒரு முட்டைகூட உடையவில்லை. ஒரு துளி செம்மண்கூட நுழையவில்லை.

பின்னால் ஹாரன் கேட்டது.

தும்பைப்பூ மாதிரி வெளுத்த ஒரு கேரவன் தார் ரோட்டிலிருந்து இறங்கி நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் வரிசையாக வெள்ளை வெள்ளையாக. முதல் வண்டியிலிருந்து க்ளெனிஸ் இறங்கினார். அவர் கையில் வாளி.

“சீக்கிரம் முடிப்பா லின்ட்ஸே, நாங்களும் பூசணும்ல.”