கணினி படிக்காத வரிகள்

பிளாப்பியை ஜுபைதா பீவியின் கையில் கொடுத்து, எல்லோரும் கைதட்டி முடித்த பிறகுதான் சுந்தர்ராமனுக்கு அந்தக் குறிப்புகள் ஞாபகத்துக்கு வந்தன.

தச்சநல்லூரில் ஜுபைதா பீவி நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஞாயிற்றுக்கிழமை காலை. பெஞ்சுகளில் பதினேழு பேர். எல்லோருமே 'பொருநை'யில் தமிழ் அடித்துப் பிழைக்கிறவர்கள்.

வங்கி வேலை போக மீதி நேரத்தில் சுந்தர்ராமன் ஐந்து வருஷமாக எழுதிய மென்பொருள் பொருநை. கம்ப்யூட்டரில் தமிழ் அடிப்பதற்கு. கல்யாணப் பத்திரிகை முதல் கோயில் கொடை நோட்டீஸ் வரை இந்தப் பக்கத்தில் எல்லாம் அதில்தான். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்தார். ஆனால் அதை இயக்க அவர் எழுதிய கட்டளை வரிகளை, அதாவது மூலநிரலை மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே அனுப்பியதில்லை.

இப்போது பதவி உயர்வோடு போபாலுக்கு மாற்றல். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அடுத்த விண்டோஸ் வந்ததும் பொருநை செத்துப்போகும். அதனால் மூலநிரலைப் பிளாப்பியில் ஏற்றி எல்லோருக்குமாகக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

"இனிமே யார் வேணும்னாலும் திறந்து படிக்கலாம், திருத்தலாம்" என்று சற்று முன்பு முழங்கியதும் அவர்தான்.

நிரலுக்கு நடுவே குறிப்பு எழுதலாம். கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். எந்த வரி எதற்கு என்று பின்னால் வருகிறவர்களுக்குப் புரிவதற்காக உள்ள வசதி அது. பின்னால் யாரும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில் சுந்தர்ராமன், மனசில் இருந்ததையெல்லாம் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து வைத்திருந்தார்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட ஆரம்பித்தது. எதையும் அச்செடுத்து, வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது ஜுபைதா பீவியின் இருபது வருஷப் பழக்கம்.

"அதெல்லாம் வெறும் குறிப்பு, டீச்சர். கம்ப்யூட்டரே கண்டுக்காது."

"கம்ப்யூட்டர் கண்டுக்காட்டா என்ன சார், நாங்க கண்டுக்கணும்லா" என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் குறிப்பு மூன்றாம் பக்கத்திலேயே வந்தது.

'மாரிராஜ் இன்றும் போன். ஒரு தடவை சொன்னால் மண்டையில் ஏறாத ஜென்மம்.'

அச்சகம் வைத்திருக்கும் மாரிராஜ், இனிப் பொருநையைப் பார்த்துக்கொள்ளப்போகும் குழுவின் தலைவர். பத்து நிமிஷத்துக்கு முன்புதான் மாலை போட்டிருந்தார்கள். அவர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பெஞ்சுகள் குலுங்கின. கடைசியில் மாரிராஜும் சிரித்துவிட்டார்.

சுந்தர்ராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். பாய்ந்து போய்த் தாளைப் பிடித்து இழுத்தார். அது தொடர்தாள். இழுக்க இழுக்க வந்ததே தவிர, படிக்க வேண்டிய இடம் டீச்சர் கையிலேயே இருந்தது.

'கோமுவுக்கு இதையெல்லாம் விளக்கிப் பயனில்லை. அவளுக்குக் கம்ப்யூட்டரும் குக்கரும் ஒன்றுதான்.'

ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் சுந்தர்ராமனின் மனைவி கோமு, எதிரிலிருந்த டைப்ரைட்டரின் உறையை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

பூமி பிளக்காதா என்று சுந்தர்ராமன் தரையைப் பார்த்தார். சிமென்ட் தரை. வழியில்லை.

ஜுபைதா பீவி அடுத்த வரியைக் கண்ணால் ஒருமுறை மேய்ந்தார். பிறகு பைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

'குக்கருக்கு விசில் வந்தால் அணைத்துவிடலாம். உங்கள் பொருநையில் ழு என்று ஒருமுறை அடித்தால் பக்கம் முழுக்க ழுழுழு என்று ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கீழே நான்கு வரி மாற்றி நிறுத்தியிருக்கிறேன். கோமு. 12.3.96.'

அந்தக் கோளாறு ஒருநாள் திடீரென்று காணாமல் போனது. கீபோர்டைக் கழற்றித் துடைத்ததால்தான் சரியாயிற்று என்று மூன்று வருஷமாக நம்பியிருந்தார் சுந்தர்ராமன். எழுதி முடித்த பகுதியைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

"இது உங்களுக்குத் தெரியாதா சார்?" மாரிராஜ் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "பகல்ல போன் பண்ணுனா அம்மாதான எடுப்பாங்க. ஒரே தடவதான் சொல்லுவாங்க. ஏறிரும்."

பதினாறு தலைகள் ஆமாம் என்று ஆடின.

நாற்பதாவது பக்கத்தோடு பிரிண்டர் நின்றது. கடைசிக் குறிப்புக்குப் போன வாரத் தேதி. ஜுபைதா பீவி அதை எழுந்து நின்று படித்தார்.

'பெற்றுக்கொள்கிறவர்கள் கவனத்துக்கு. அவர் போபாலுக்குப் போகிறார். சந்தேகம் இருந்தால் பகல் பதினொரு மணிக்கு மேல் வீட்டு எண்ணுக்குக் கூப்பிடலாம். நான் இங்கேதான் இருப்பேன். கோமு.'

சுந்தர்ராமனுக்கு விழுந்ததைவிடப் பலத்த கைதட்டல். மாரிராஜ் மடியிலிருந்த மாலையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சை நோக்கி நடந்தார்.

சுந்தர்ராமனும் எழுந்து கைதட்டினார். மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே ஜங்ஷனுக்கு ஓடி, இரண்டு டிக்கெட் எடுத்து வந்திருந்தார். வருகிறாயா என்று அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது, கைதட்டிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.