கடைவாய்ப் பல்

மலைக்கோட்டைக்குக் கீழே, தன் பல் ஆஸ்பத்திரியில், டாக்டர் ரிஸ்வானா லால்குடியிலிருந்து வந்திருந்த பெண்ணின் வாய்க்குள் விளக்கைக் காட்டினார். கன்னம் வீங்கியிருந்தது. கழுத்தில் விரல் தடங்கள் சிவந்து கிடந்தன. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று நெடுக்கப் பிளந்து, உள்ளே நரம்பு தெரிந்தது.

“எப்படி ஆச்சு பூங்கோதை?”

“கொல்லையில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்.”

“விழுந்தா முன்பல்லுதாம்மா உடையும். இது பின்னாடி இருந்து அரைக்கிற பல்லு. நம்ம உடம்புலயே கெட்டியானது இதோட மேல் ஓடுதான். போச்சுன்னா மறுபடி முளைக்காது.” ரிஸ்வானா குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்காரர் அடிச்சாரா? போலீசுக்குச் சொல்லவா?”

“அடிப்பாரு, தினமும்தான். ஆனா இது அடியில உடையல.”

“பின்ன?”

“எலும்பைக் கடிச்சேன்.”

“ஆட்டெலும்பா?”

பூங்கோதை இல்லையென்று தலையசைத்தாள்.

“நேத்து ஒரு கையால கழுத்தை நெரிச்சாரு. நான் கத்தவும் இன்னொரு கையால வாயைப் பொத்தினாரு. முன்பல்லால கடிச்சுப் பார்த்தேன், விடல. விரலைக் கடைவாய்க்குத் தள்ளி ஒரே கடி. துண்டா வந்துடுச்சு.”

“இப்ப அவர் எங்கே?” ரிஸ்வானா விளக்கை ஒதுக்கினார்.

“பெரியாஸ்பத்திரியில கிடக்காரு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்.” பூங்கோதை கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “பல்லு மேல கேப் போட்டா பழையபடி கடிக்க முடியுமா டாக்டர்?”

ரிஸ்வானா மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தார்.

“நல்லா வாயைத் திறங்க. எலும்பையே கடிக்கலாம்.”