சாயச் சீட்டு

"சீட்டுல தில்லுமுல்லு நடக்குது சார்."

மாணவி ராதிகா இப்படிச் சொன்னதும், வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த அருள்குமார் மைப் பேனாவை மூடி வைத்தார். சேலத்துக்காரர். கறார் பேர்வழி. பக்கத்து மாணவனிடம் அழிரப்பர் கேட்டாலே காப்பி என்று எழுதிவிடுவார் எனப் பெயர்.

தர்மபுரியை அடுத்த ஒரு கல்லூரி. பி.எஸ்சி. வேதியியல், கடைசி செய்முறைத் தேர்வு. யாருக்கு எந்தச் சோதனை என்பதைச் சீட்டுதான் முடிவு செய்யும். எவர்சில்வர் டப்பாவில் மடித்துப் போட்டிருப்பார்கள். கையை விட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் டைட்ரேஷன்தான் வரும். சொட்டுச் சொட்டாக ஊற்றி, நிறம் மாறுகிற நேரத்தில் நிறுத்தியாக வேண்டும். கொஞ்சம் கூடினால் மார்க் போச்சு.

ஒரே ஒரு சீட்டு மட்டும் சாயச் சீட்டு. பலகாரத்துக்குப் போடும் சிவப்புச் சாயத்தில் ப்ளீச்சை ஊற்றி, கலரிமீட்டர் என்கிற பெட்டிக்குள் வைக்க வேண்டும். சாயம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பெட்டியே எண்ணாகக் காட்டிவிடும். சாயம் வெளுக்க வெளுக்க எண் இறங்கும். அதை வைத்து வரைபடம் போட்டு, எவ்வளவு வேகத்தில் வெளுக்கிறது என்று சொன்னால் முடிந்தது. உட்கார்ந்துகொண்டே செய்யலாம் என்பதால் அதற்கு ஏக மவுசு.

"போன செமஸ்டர்லயும் மாதேஷுக்குத்தான் சாயம் வந்துச்சு. மாடல் எக்ஸாம்லயும் அவனுக்குத்தான். இன்னிக்கும் அவனுக்கே" என்றாள் ராதிகா. "சீட்டு எழுதிப் போடற பானுமதி மேடமும் பாப்பாரப்பட்டி, அவனும் பாப்பாரப்பட்டி. ஒரே பஸ்ல வர்றாங்க சார்."

"ம்."

"எங்க அத்தை வூடு அங்கதான் சார். மாதேஷ் வூட்ல தக்காளி பறிக்கக்கூட அவனைக் கூப்பிட மாட்டாங்களாம். அவ்வளவு சோம்பேறி."

தக்காளி விவகாரம் தேர்வு விதிமுறையில் வராததால் அருள்குமார் அதை விட்டுவிட்டார். பானுமதியைக் கூப்பிட்டார்.

"எப்படி மேடம் ஒரே பையனுக்கே வருது?"

"அவன் அதிர்ஷ்டம் சார்" என்றார் பானுமதி, தரையைப் பார்த்தபடி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்று நன்றாகவே தெரிந்தது.

"சரி. மாதேஷும் ராதிகாவும் இடம் மாத்திக்கட்டும்."

"வேணாங்க சார்!" என்று பதறினார் பானுமதி.

"ஏன் வேணாம்?"

அவர் மாதேஷைப் பார்த்தார். சொல்ல வேண்டாம் என்பதுபோல் அவன் தலையை அசைத்தான். பிறகு எழுந்து டைட்ரேஷன் மேசைக்குப் போனான்.

ராதிகா ஜன்னலோர சீட் கிடைத்தவள் போலக் கலரிமீட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

எதிர்மேசையில் மாதேஷ் குடுவைக்குள் அமிலத்தைச் சொட்டவிட்டான். மஞ்சளாக இருந்த கரைசல் ஆரஞ்சாக மாறியது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவன் நிறுத்தவில்லை. சிவப்பானது. குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். கீழே வைத்து மறுபடி சொட்டவிட்டான்.

அருள்குமார் கிட்டே போனார்.

"என்ன தம்பி பண்றே?"

"கலர் மாறட்டும்னு பார்க்கறேங்க சார்."

"இப்ப என்ன கலர்ல இருக்கு?"

மாதேஷுக்கு நெற்றியில் வியர்த்திருந்தது. "மஞ்சள்தானுங்களே சார்?"

குடுவையில் இருந்தது நன்றாகப் பழுத்த தக்காளியின் நிறம்.

ராதிகாவின் கை கலரிமீட்டர் மேலேயே நின்றுவிட்டது. காயும் பழமும் அவனுக்கு ஒரே நிறம். அதனால்தான் பறிக்கக் கூப்பிடுவதில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

பானுமதி தணிந்த குரலில் சொன்னார். "சிவப்பு, மஞ்சள், பச்சை எதுவும் அவனுக்குப் பிரிச்சுத் தெரியாது சார். பாடத்துல கெட்டி. கலரிமீட்டர்னா எண்ணைப் படிச்சாப் போதும். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கூடக் கேட்டேன். சீட்டுல வர்றதைத்தான் செய்யணும்னு பதில் வந்துச்சு. இதுல ஃபெயிலானா டிகிரியே நின்னுடும் சார்."

"விதின்னா விதிதான் மேடம்" என்றார் அருள்குமார், எல்லோருக்கும் கேட்கும்படி.

பானுமதிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீட்டு எடுக்காம ரெண்டு பேரை இடம் மாத்தினது என் தப்பு. விதிப்படி மறுபடியும் சீட்டு எடுக்கணும். ஒண்ணுல சாயம், ஒண்ணுல டைட்ரேஷன். நானே எழுதறேன். வேற யார் கையும் படக்கூடாது."

முதுகைக் காட்டி நின்று இரண்டு சீட்டு எழுதினார். மடித்து டப்பாவில் போட்டு, கோயில் உண்டியலைக் குலுக்குவதுபோல் குலுக்கினார்.

"மாதேஷ், நீ எடு."

அவன் எடுத்துப் பிரித்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"சாயம் சார்."

"அதிர்ஷ்டக்காரன்தான்" என்றார் அருள்குமார். "அடுத்து நீ எடும்மா."

மிச்சமிருந்த சீட்டை ராதிகா எடுத்துப் பிரித்தாள்.

அதிலும் 'சாயம்' என்றுதான் எழுதியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். அருள்குமார் சுவர்க் கடிகாரத்தைத் தீவிரமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு என்ன வந்திருக்கு?" என்றார், திரும்பாமலே. "சத்தமாச் சொல்லு. புகார் கொடுத்தவ நீதானே."

ராதிகா சீட்டைப் பக்கத்தில் இருந்த ப்ளீச்சுக்குள் போட்டாள். மை வெளுக்க ஆரம்பித்தது. எழுத்து முழுக்க மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"டைட்ரேஷன் சார்."