வீட்டு ஆள்

வெளியே அவன் குரல்.

"செவந்தி... ஏ, செவந்தி..."

கட்டிலில் கிடந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பூமி குலுங்கிய நாளிலிருந்து இந்தக் குரலுக்குத்தான் ஏங்கிக் கிடந்தாள். இருக்கிறான். மகராசன், உயிரோடு இருக்கிறான்.

பதில் குரல் கொடுக்க வாயைத் திறந்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.

இங்கே அவள் செவந்தி இல்லை. மேடம்.

பங்களா இடிந்து விழுந்தபோது, முதலாளியம்மா கழித்துக் கொடுத்த கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா ஊரிலேயே இல்லை. தோண்டி எடுத்தவர்கள் கோட்டைப் பார்த்தார்கள், பங்களா அம்மா என்று நினைத்து நேரே இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். ஆள் பாதி, ஆடை பாதி என்பதெல்லாம் சாதாரண நாளுக்கு. அன்றைக்கு ஆடையே முழுசும்.

வேலைக்காரச் சனங்களுக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம். எலும்பைச் சேர்த்துவைக்க அங்கே நேரமும் கிடையாது, சாமானும் கிடையாது. நசுங்கிய காலை எடுத்துவிடுகிறார்களாம். நர்ஸுகள் பேசிக்கொண்டார்கள்.

இங்கே, இன்னும் சற்று நேரத்தில், அவள் காலுக்கு பிளேட் வைக்கப்போகிறார்கள்.

நர்ஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கூடாரமெல்லாம் தேடிவிட்டு எவனோ வந்து நிற்கிறானாம். பங்களாவில் வேலை செய்த பெண்ணைக் கேட்கிறானாம்.

"உங்க வீட்டு ஆளா மேடம்?"

எங்க வீட்டுக்காரரு. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கால் போய்விடும்.

"ஆமா. எங்க வீட்டு ஆளுதான். உள்ள விடுங்க."

வந்தான். தலையெல்லாம் மண். அவளைக் கண்டதும் ஓடிவந்து கட்டில் கம்பியைப் பிடித்தான்.

மேடத்தைத் தொடாதே என்று நர்ஸ் அதட்டினாள்.

மேடமா என்று அவன் கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்தான். வெள்ளை விரிப்பைப் பார்த்தான். அவள் கண்ணைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். கெட்டிக்காரன்.

எட்டினால் தொட்டுவிடும் தூரம்தான். அந்த மண் கையை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

தள்ளுவண்டி வந்தது. அவளை அதில் மாற்றிக் கிடத்தினார்கள்.

"உங்க வீட்டுக்காரர் இன்னும் வரலியா மேடம்?"

நர்ஸ் கேட்டதும் அவள் கண் சுவரோரம் போனது.

"ஐயா வந்துருவாருங்க," என்றான் சுவரோரம் நின்றவன். "நீங்க பயப்படாமப் போயிட்டு வாங்கம்மா."