இருபதாம் தேதிக்கு மேல்

"இந்த மாசமும் தீத்துட்டியா?"

வேணு கேட்ட வேகத்தில், ஆதிலட்சுமி கையிலிருந்த முருங்கைக்கீரைக் கொத்தை முறத்திலேயே போட்டாள்.

"என்னாத்தை?"

"டேட்டாவைத்தான். லிமிட் முடியப் போவுதுன்னு மெசேஜ் வந்திருக்கு. இருபதாம் தேதிகூட ஆவல. இது முடிஞ்சா அப்புறம் மாசம் பொறக்கற வரைக்கும் நெட்டு நொண்டி அடிக்கும்."

"நான் சீரியலை விட்டு எத்தினி நாளாவுது! நீங்கதான் காதுல அந்தக் குச்சியைச் சொருவிக்கிட்டு, எவனெவன் கத்தறதையோ கேட்டுக்கினு இருப்பீங்க."

"அதையெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு. பேப்பர்தான் படிக்கிறேன்."

"நம்பிட்டேன்."

"நானும் நம்பிட்டேன் போ."

அந்த வீட்டில் டேட்டாவை மிச்சம் பிடிப்பது ஒரே காரியத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கனடாவிலிருந்து மகள் வினோதினி வீடியோவில் வருவாள். மாத ஆரம்பத்தில் அவள் மூக்குத்தி மினுங்குவதுகூடத் தெரியும். இருபதாம் தேதி தாண்டினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிடும். நின்றுபோன அந்த முகத்தை இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இந்த ஞாயிறு பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டத்தில் செல்போன் டவர் படுத்துவிடும். வீட்டு நெட்டை விட்டால் வேறு வழியில்லை.

"முகம் தெளிவா தெரிஞ்சா மட்டும் இன்னா வந்துடப் போவுது?" வேணு விடவில்லை. "போன வாரம் அஞ்சு நிமிஷம் பேசினாளா? 'வேலை இருக்குப்பா, வெச்சிடறேன்ப்பா'ன்னு தொரத்தறா. இந்த வீட்டு ஞாபகமே அவளுக்கு இல்ல."

"புது ஊரு. பழக வேணாமா?"

"அவ பழகிட்டா. நாமதான் பழகல."

ஆதிலட்சுமி முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கீரையை மறுபடி ஆய ஆரம்பித்தாள்.

நெட் கனெக்‌ஷன் கொடுத்த சுரேஷ்குமார் பதினோரு மணி வாக்கில் வந்தார். ஷூவைக் கழற்றும்போதே வேணு ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, யாரு தீக்கறாங்கன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாவணும். இந்தம்மா முன்னாடியே சொல்லுங்க."

"ஆமா தம்பி, சொல்லுங்க. அவர் முன்னாடியே."

சுரேஷ்குமார் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டு பேருமே இல்ல சார். உங்க போனுங்கள்ல ஓடறது ரொம்பக் கம்மி."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இது இறங்கற கணக்கே இல்ல சார். உங்க வீட்லேர்ந்து வெளிய ஜாஸ்தியா போவுது. ரெண்டையும் சேத்துதான் லிமிட்டு. பெரிய பிளானுக்கு மாத்தலாம்னா இந்தத் தெருவுக்கு இன்னும் லைன் வரல."

"எங்க வீட்லேர்ந்து வெளிய போறதுக்கு இன்னாப்பா இருக்கு?"

சுரேஷ்குமார் கூடத்துச் சுவரைக் காட்டினார். தெருவில் யாரோ செயினை அறுத்துக்கொண்டு ஓடிய சமயம், வினோதினி பயந்துபோய் ஆர்டர் போட்டு அனுப்பிய கேமரா.

"இது சும்மா இருந்தா கார்டுலதான் பதியும். நெட்டை இழுக்காது. யாராச்சும் திறந்து பாத்தாதான் இழுக்கும். தினம் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் யாரோ பாத்துக்கினே இருக்காங்க."

"திருட்டுப் பசங்களா?" வேணு வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் போனை வாங்கி, கேமரா ஆப்பைத் தட்டினார் சுரேஷ்குமார்.

"இப்பகூட ஓடுது. வினோதினின்னு காட்டுது."

"என் பொண்ணு! ஆனா அங்க இப்ப நடுராத்திரி ஆச்சே. தூங்கிட்டு இருப்பா."

"அப்ப சரி. திறந்து பாத்துட்டு, மூட மறந்து தூங்கிடறாங்க. அது பாட்டுக்கு ஓடுது."

வேணுவுக்குச் சுர்ரென்று வந்தது. "பாத்தியா உன் பொண்ணோட பொறுப்பை! அவ முகத்தைப் பாக்கணும்னு நாம ஒண்ணொண்ணா விட்டுட்டு உக்காந்திருக்கோம். அவ திறந்து போட்டுட்டுத் தூங்கறா. இரு, இப்பவே எழுப்பிக் கேக்கறேன்."

ஆதிலட்சுமி எழுந்து வந்து போனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு நாள் மறப்பா. தினமுமா மறப்பா?"

"பின்ன?"

அவள் சுரேஷ்குமார் பக்கம் திரும்பினாள். "தம்பி, நாங்க பேசறது அதுல கேக்குமா?"

"நல்லா கேக்கும்மா. நீங்க சமையல்கட்டுல தாளிக்கிறது வரைக்கும் கேக்கும்."

கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றாள். குரல் தானாகத் தணிந்துபோயிற்று.

"அவளைத் தனி ரூம்ல படுக்க வெச்ச புதுசுல கதவைச் சாத்த விட்டாளாங்க? 'நீங்க ரெண்டு பேரும் ஏதாச்சும் பேசிக்கினே இருங்க, அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்'னு சொல்லுவா. அந்த ஊர்ல யாருங்க இருக்காங்க அவளுக்கு, பக்கத்து ரூம்ல பேசறதுக்கு?"

வேணு உட்கார்ந்துவிட்டார். பின்பக்கத்து வேப்பமரத்தில் மயில் ஒன்று அகவியது. அந்தச் சத்தமும் இந்நேரம் கனடா போய்ச் சேர்ந்திருக்கும்.

சுரேஷ்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"இதை நிறுத்திட்டா மிச்சம் இருக்கறது ஞாயித்துக்கிழமைக்குத் தாராளமா போதும் சார். உங்க பொண்ணு முகம் கண்ணாடி மாதிரி தெரியும். ஒயரைப் புடுங்கிடட்டுமா?"

வேணு பாய்ந்து எழுந்து அவர் கையைப் பிடித்தார்.

"வேணாம் தம்பி. சத்தம் நின்னா பொண்ணு முழிச்சிக்குவா."