நான்குக்குப் பிறகு ஏழு

“குடிச்சிருக்கீங்களா அண்ணே?”

மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். எதிரே நின்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. வாசலில் நின்ற பேருந்துக்குள் நாற்பது பிள்ளைகள். அதில் ஒருத்தி கடைக்காரரின் மகள்.

“அட, நீங்க வேற சார்!” என்ற ஓட்டுநர் வரிசையாக மூன்று முறை தும்மினார். “புல்லு பூத்துச்சுன்னா என் மூக்கு திறந்து விட்ட குழாய்தான். பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மலை மேல அணைக்குப் போறேன். தூக்கம் வராத மாத்திரையா பாத்துக் குடுங்க.”

“நானும் உங்க கட்சிதான்” என்று கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். கடை திறந்ததுமே டீயோடு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, அட்டையைச் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தார். தட்டில் கையை விட்டு ஓட்டுநருக்கும் ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

“கூட யாரும் டீச்சர் வரலியா?”

“டிராயிங் மிஸ் வர்றாங்க. பஸ்ல ஏறினா அவங்களுக்கு வாந்தி. அதோ பாருங்க, எலுமிச்சம்பழக் கலர்ல ஸ்கூட்டர். வழியில மரம் மட்டையைப் பாத்தா நின்னு வரைய ஆரம்பிச்சிடுவாங்க. நாங்க திரும்புறதுக்குள்ள மேல வந்து சேர்ந்தா பெரிய விஷயம்!”

ஜன்னலில் மகள் கையசைத்தாள். பேருந்து கிளம்பியது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். இருமல் மருந்து தேடித் தட்டை இழுத்த கடைக்காரரின் கை அப்படியே நின்றது. தூக்கம் தரும் மாத்திரைப் பெட்டி பிரிந்து கிடந்தது. நேற்று சாயங்காலம் வந்த புதுப் பெட்டி அது. எண்ணினார். பத்து அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

இரண்டு வகையும் ஒரே கம்பெனி, ஒரே பச்சை அட்டை. பின்பக்கத்து எழுத்து மட்டும்தான் வேறு. தும்மலுக்கென்று இன்று அவர் விற்றதோ ஒன்றே ஒன்று.

“கடவுளே, மாத்திக் குடுத்துட்டேனே!”

ஓட்டுநரின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. நான்கு முறையும் அப்படியே. பக்கத்துக் கடைக்காரரிடம், “கொஞ்சம் கடையைப் பாத்துக்கங்க” என்று கத்திவிட்டு, கடைக்காரர் காரில் பாய்ந்தார்.

மலைப்பாதையில் பன்னிரண்டு வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கும். ஒவ்வொரு பலகை வந்தபோதும் அவர் வேகத்தைக் குறைத்து ஓரத்தை எட்டிப் பார்த்தார். தடுப்புச் சுவர் எங்கேயாவது உடைந்திருக்கிறதா? கீழே பள்ளத்தில் ஏதாவது தெரிகிறதா? இரண்டு தாண்டியது. மூன்று தாண்டியது. நான்கு என்ற பலகை எதிரே வந்தது.

அடுத்து அவர் பார்த்த பலகையில் ஏழு என்று எழுதியிருந்தது.

ஐந்தும் ஆறும் எப்போது போயின? பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு, கனத்த தலையை உதறிவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அணைக்கட்டின் நிழலில் பேருந்து நின்றிருந்தது. முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிப் பிடித்து விளையாடினார்கள். ஓட்டுநர் படியில் உட்கார்ந்து சிரித்தார்.

“என்ன சார், கடைக்கு லீவு விட்டாச்சா?”

“போனை ஏன்யா எடுக்கல?”

“ஓட்டும்போது தொடமாட்டேன் சார். அப்புறம் இங்க வந்து பாத்தா சிக்னலே இல்ல. ஆனா மாத்திரை பிரமாதம்! ஒரு தும்மல் இல்ல, ஒரு கொட்டாவி இல்ல.”

“அட்டையைக் காட்டுங்க.”

ஓட்டுநர் காட்டினார். பின்பக்கம் சின்ன எழுத்தில் ‘தூக்கம் தராதது’ என்றிருந்தது.

கடைக்காரர் அதை இரண்டு முறை படித்தார். சரியாகத்தான் கொடுத்திருக்கிறோம்! வாய்விட்டுச் சிரித்தார். அப்படியானால் அந்தப் பத்தாவது அட்டை எங்கே?

சிரிப்பு பாதியில் நின்றது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பச்சை அட்டை; அதில் ஒரே ஒரு குழி காலியாக இருந்தது. திருப்பினார். சிவப்பு எழுத்து: ‘தூக்கம் வரும். வாகனம் ஓட்டக் கூடாது.’

“அப்பா!” என்று ஓடி வந்த மகள் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவர் பின்னால் எட்டிப் பார்த்தாள். “ஐயோ, நம்ம கார் லைட்டு உடைஞ்சிருக்கு!”

அவர் மெதுவாகத் திரும்பினார். இடப்பக்க விளக்கு இருந்த இடத்தில் வெறும் குழி. அங்கிருந்து கதவு வரை, எலுமிச்சம்பழ நிறத்தில் நீளமாக ஒரு தீற்றல்.

மகள் நெற்றியில் கையை வைத்து, வெறிச்சோடிக் கிடந்த மலைப்பாதையைப் பார்த்தாள்.

“வர்ற வழியில எங்க டிராயிங் மிஸ்ஸைப் பாத்தீங்களாப்பா?”