ஒன்றா, ஒன்றாய்த் தெரிவதா?

நூலக அரங்கில் சூஃபி தத்துவ விவாதம் சூடுபிடித்தது. பேராசிரியர் மேசையைத் தட்டினார்.

"இருக்கிறது இறைவன் ஒருத்தன்தான். நான், நீங்க, இந்த மேசை எல்லாமே அவன்தான். ரெண்டுன்னு நினைக்கிறதே அறியாமை!"

கைதட்டல் காதைப் பிளந்தது. எதிரே அமர்ந்திருந்த பேராசிரியை மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பகல்ல நட்சத்திரம் தெரியாது. அதுக்காக நட்சத்திரமே இல்லைன்னு ஆயிடுமா? இறைவன் வேற, நாம வேற. அன்பு முத்திப்போனா, எங்க பார்த்தாலும் அவன் ஒருத்தன்தான் கண்ணுக்குத் தெரிவான்."

"அம்மாவுக்கு இன்னும் ஞானம் பத்தலை" என்றார் பேராசிரியர். அரங்கமே சிரித்தது.

கூட்டம் முடிந்ததும், ஏற்பாடு செய்த நூலகர் பேராசிரியையிடம் ஓடினார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். அவர் இப்படி மட்டம் தட்டுவார்னு நினைக்கலை. முன்னாடியே பழக்கமா?"

"பதினெட்டு வருஷமா. அவர் என் வீட்டுக்காரர்."

நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அட, அப்படியா! விஷயம் தெரியாம ரெண்டு கார் சொல்லிட்டேனே. ஒண்ணைத் திருப்பி அனுப்பிடறேன்."

"வேண்டாம், ரெண்டும் இருக்கட்டும். எங்க விவாகரத்து வழக்கு கோர்ட்ல நடக்குது."

நூலகர் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினார். "வேற வேறன்னு நீங்கதான் பேசினீங்க... வழக்குப் போட்டதும் நீங்கதானா?"

"இல்லைங்க. ரெண்டே கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னாரே, அவர்தான்."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், காலியாகிக்கொண்டிருந்த அரங்கை ஒருமுறை பார்த்தார்.

"இன்னிக்கு நல்ல கூட்டம்னு சொன்னாங்க. எனக்கு அவர் ஒருத்தர்தான் தெரிஞ்சார்."